கரைக்கு வந்த கூட்டம்

தூத்துக்குடி என்றதும் தமிழ் மக்களுக்கு உப்பு நினைவுக்கு வரும்; முத்து நினைவுக்கு வரும்; வ. உ. சிதம்பரம் பிள்ளையின் சுதேசிக் கப்பல் நினைவுக்கு வரும். இம்மூன்றையும் தந்த ஊருக்கு வேறு பெருமை வேண்டியதில்லை. ஆனால் சற்று யோசித்துப் பார்த்தால் இம்மூன்றுக்கும் பொதுவான ஓர் அம்சம் புலப்படும். உப்பளத்தில் ஒருவர் தனியாக நின்று உப்பு விளைவித்துவிட முடியாது. முத்துக்குளிப்பில் ஒருவன் தனியாகக் கடலில் இறங்க முடியாது. கயிற்றைப் பிடித்துக்கொள்ளத் தோணியில் இன்னொருவன் இருந்தே தீர வேண்டும். சுதேசிக் கப்பல் கம்பெனியோ 1906-ம் வருஷத்தில், பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள் என்று திட்டமிட்டுத் தொடங்கப்பட்டது. பத்து லட்ச ரூபாய் மூலதனத்தைச் சிறு சிறு பங்குகளாக வகுத்து, ஜனங்களின் கைக்கு எட்டும்படி வைத்தார்கள். ஆகவே தூத்துக்குடியைக் கூட்டு முயற்சியின் ஊர் என்றே சொல்லிவிடலாம்.

இந்த ஊரின் தெற்குக் கரைக்கு 2016-ம் வருஷம் ஜனவரி 11-ம் தேதி மாலை வேறொரு கூட்டம் வந்து சேர்ந்தது. அது மனிதக் கூட்டம் அல்ல. திருச்செந்தூருக்குத் தெற்கே ஆலந்தலை, கல்லாமொழி, மணப்பாடு ஆகிய ஊர்களை ஒட்டிய மணலில் எண்பதுக்கு மேற்பட்ட திமிங்கிலங்கள் வந்து ஏறிப் படுத்துவிட்டன. அவற்றில் 45 மாண்டன.

ஒரு திமிங்கிலம் கரை ஒதுங்கினால் அதற்கு நோய் என்றோ வயது என்றோ சொல்லி மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம். எண்பதும் ஒரே நாளில் நோயுற்றனவா? எண்பதுக்கும் ஒரே சமயத்தில் வழி தெரியாமல் போயிற்றா? முதலில் கரைப் பக்கம் திரும்பியது எது? மற்றவை ஏன் அதன் பின்னே வந்தன?

இது திமிங்கிலத்தைப் பற்றிய கேள்வி மட்டும் அல்ல. ஒரு கூட்டம் எப்படித் தீர்மானம் செய்கிறது என்ற பெரிய கேள்வியின் ஒரு கிளைதான் இது. தூத்துக்குடியிலிருந்து மணப்பாடு வரையில் ஏறக்குறைய 60 கிலோமீட்டர் பிரயாணம் செய்தால், வழி நெடுகிலும் இந்தக் கேள்விக்குத் துண்டு துண்டாகப் பதில்கள் கிடைக்கின்றன. வாசகர்களும் உடன் வரலாம்.

பூநாரையும் சாளையும்

துறைமுகத்தை விட்டுத் தெற்கே திரும்பினால் முள்ளக்காட்டுப் பக்கத்தில் சாலையின் இரு மருங்கிலும் உப்பளங்கள் விரிந்து கிடக்கின்றன. கோடையில் இங்கே பாத்தி பாத்தியாக வெள்ளை வெளேரென்று உப்புக் குவிந்திருக்கும். மழைக்காலம் கழிந்த பிறகு, தேங்கிய நீரில் பூநாரைகள் நீண்ட கால்களை ஊன்றிக்கொண்டு, தலையைக் கவிழ்த்து இரை தேடும் காட்சியைக் காணலாம்.

அந்தக் கூட்டம் எழும்பிப் பறப்பதைக் கவனிக்க வேண்டும். எந்தப் பறவையும் மற்றவற்றுக்கு உத்தரவு போடுவதாகத் தெரியவில்லை. ஒன்று கழுத்தை உயர்த்துகிறது. பக்கத்தில் உள்ள நாலைந்து உயர்த்துகின்றன. சில சமயம் அது அவ்வளவோடு அடங்கிவிடுகிறது. மறுபடியும் எல்லாம் தலையைக் கவிழ்த்துக்கொள்கின்றன. வேறு சில சமயம் அந்த அசைவு ஓர் அலைபோல் பரவி, அடுத்த கணம் கூட்டம் முழுவதும் இளஞ்சிவப்பு மேகமாக மேலே கிளம்பிவிடுகிறது.

அலை எப்படிப் பரவுகிறது என்பதை இத்தாலிய விஞ்ஞானிகள் வேறொரு பறவையிடம் ஆராய்ந்தார்கள். குளிர்காலத்தில் நம் பக்கத்து வயல்களுக்கு வந்து சேரும் சூறைக்குருவியின் ஐரோப்பிய உறவினப் பறவை அது. ரோமாபுரி வானத்தில் ஆயிரக்கணக்கில் வட்டமிடும் அந்தக் கூட்டங்களைப் படம் பிடித்துக் கணக்கிட்டு, 2008-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒவ்வொரு பறவையும் கூட்டம் முழுவதையும் பார்ப்பதில்லை. தனக்கு மிக அருகில் இருக்கும் ஆறு அல்லது ஏழு பறவைகளை மாத்திரம் கவனித்து, அவை திரும்பினால் தானும் திரும்புகிறது. அவ்வளவுதான் விதி. அந்தச் சின்ன விதியிலிருந்துதான் வானத்தை அளாவும் அந்தப் பெரிய நடனம் பிறக்கிறது.

கடலுக்குள் சாளை மீனும் இதே விதியின்படிதான் நடக்கிறது. கண்ணால் பக்கத்து மீனைப் பார்க்கிறது. நீரின் அதிர்வையும் அறிகிறது. ஒரு மூலையில் உள்ள மீன் பகைவனைக் கண்டு துள்ளினால், பகைவனைக் காணாத மீன்களும் தப்பித்துக்கொள்கின்றன. ஒருவன் கண் ஆயிரம் பேருக்குக் கண் ஆகிவிடுகிறது. கூட்டமாக வாழ்வதன் லாபம் இதுதான்.

நஷ்டமும் இதிலேயே இருக்கிறது. இந்தக் கரையில் கரைவலை இழுக்கும் மீனவர் அதை நன்றாக அறிவார். சாளை தனித்தனியே சிதறி ஓடினால் பாதிக்கு மேல் தப்பிவிடும். அது கூட்டத்தை விட்டுப் பிரிய மனமில்லாமல், பக்கத்து மீன் போகும் திசையிலேயே தானும் போகிறது. பக்கத்து மீன் மடிக்குள் போனால் இதுவும் மடிக்குள் போகிறது. எந்தக் குணம் அதைச் சுறாவிடமிருந்து காத்ததோ, அதே குணம் அதை வலையில் கொண்டு சேர்க்கிறது.

சிப்பி ஏலம்

பழையகாயல் வந்துவிட்டது. பாண்டியர்களின் முத்துத் துறைமுகமான கொற்கை இங்கிருந்து உள்நாட்டுப் பக்கம் இருக்கிறது. தாமிரபரணி கொண்டு வந்து கொட்டிய வண்டல் கடலை அந்த ஊரிலிருந்து பல மைல் தூரம் தள்ளிவிட்டது. கிழக்கே பார்த்தால் கடல். அந்தக் கடலுக்கு அடியில்தான் பார்கள் இருக்கின்றன. பார் என்பது கடலடியில் மணலுக்கு நடுவே பரந்து கிடக்கும் பாறைத் தரை. முத்துச் சிப்பி அங்கேதான் வாழ்கிறது.

சிப்பிக் குஞ்சு பிறந்தவுடன் ஏறக்குறைய மூன்று வாரம் நீரோட்டத்தோடு மிதந்து திரிகிறது. பிறகு கனத்து இறங்கி, கிடைத்த பாறையையோ மற்றொரு சிப்பியையோ தன் நூலால் பற்றிக்கொள்கிறது. லட்சக்கணக்கான சிப்பிகள் ஒரே பாரில் கொத்துக் கொத்தாகத் தொங்கும். பார்ப்பவர்கள், “எவ்வளவு ஒற்றுமை!” என்று வியக்கலாம். ஆனால் இது தீர்மானம் செய்து கூடிய கூட்டம் அல்ல. நீரோட்டம் கொண்டு வந்து சேர்த்தது. பாறை இடம் கொடுத்தது. இந்த வருஷம் நிறைந்திருக்கும் பார் அடுத்த வருஷம் வெறுமையாகிவிடுவதும் உண்டு. மணல் மூடும், திருக்கை மீன் நொறுக்கித் தின்னும், சூரன் என்னும் மட்டி பாய்போல் படர்ந்து சிப்பியை நெருக்கிவிடும். ஆபத்து வந்தால் எழுந்து போக அந்தக் கூட்டத்துக்கு வழி இல்லை. சேர்ந்திருப்பது வேறு, சேர்ந்து முடிவு செய்வது வேறு என்பதை முத்துச் சிப்பி நமக்குக் காட்டுகிறது.

முடிவு செய்கிற கூட்டம் சிப்பிக்கு மேலே, கரையில் இருந்தது. முத்துக்குளிப்புக் காலங்களில் தோணிகள் விடியுமுன் புறப்பட்டுப் பாருக்குச் செல்லும். குளியாள் கல்லைக் காலில் கொண்டு கீழே இறங்கி, ஏறக்குறைய ஒரு நிமிஷ நேரம் மூச்சடக்கிச் சிப்பிகளைப் பையில் வாரிப் போட்டுக் கயிற்றை அசைப்பான். மேலே இருப்பவன் இழுத்துக்கொள்வான். கரைக்கு வந்ததும் சிப்பிகளைப் பங்கு பிரிப்பார்கள். குளியாட்களுக்கு ஒரு பங்கு போக, சர்க்கார் பங்கு ஏலத்துக்கு வரும். சிப்பிகளைத் திறக்காமலே, ஆயிரம் என்ன விலை என்று ஏலம் கூறுவார்கள். உள்ளே முத்து இருக்கிறதா, வெறும் சதை இருக்கிறதா என்பது விற்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது!

இந்த நிலைமையில் பலர் சேர்ந்து சொல்லும் விலை சரியாக இருக்குமா?

சரியாக இருக்கலாம் என்பதற்கு ஒரு பிரசித்தமான சான்று உண்டு. சுதேசிக் கப்பல் கம்பெனி பிறந்த அதே 1906-ல், இங்கிலாந்தில் பிளிமத் நகரில் ஒரு கால்நடைக் கண்காட்சி நடந்தது. ஓர் எருதை நிறுத்தி வைத்து, அதை அறுத்துச் சுத்தம் செய்தால் இறைச்சி எவ்வளவு நிறை இருக்கும் என்று போட்டி வைத்தார்கள். கசாப்புக்காரர்களும் குடியானவர்களும் ஒன்றும் தெரியாதவர்களும் சீட்டு வாங்கி எழுதிப் போட்டார்கள். பிரான்சிஸ் கால்ட்டன் என்ற அறிஞர் அந்தச் சீட்டுகளைப் பெற்று ஆராய்ந்தார். செல்லத்தக்க 787 சீட்டுகளை ஏறுவரிசையில் அடுக்கி, நட்ட நடுவில் உள்ளதைப் பார்த்தபோது 1,207 ராத்தல் என்று இருந்தது. உண்மையான நிறை 1,198 ராத்தல்! நூற்றுக்கு ஒன்றுகூடப் பிசகவில்லை.

ஆனால் இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஒவ்வொருவரும் எருதைத் தம் கண்ணால் பார்த்தார்கள்; தம் மனத்தில் பட்டதைத் தனியாகச் சீட்டில் எழுதினார்கள். ஆகையால் ஒருவர் கூட்டிச் சொன்னதும் மற்றொருவர் குறைத்துச் சொன்னதும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிட்டன. ஏலக் களத்தில் அப்படி அல்ல. பெரிய வியாபாரி ஒருவர் விலையை ஏற்றினால், “அவருக்கு ஏதோ தெரிந்திருக்கிறது” என்று மற்றவரும் ஏற்றுவார். அவரைப் பார்த்து மூன்றாமவர் ஏற்றுவார். களத்தில் நூறு பேர் நிற்கலாம். ஆனால் உண்மையில் அங்கே பேசுவது ஒரே ஒருவரின் அபிப்பிராயந்தான். நூறு தலைகள் இருப்பதனால் நூறு மதிப்பீடுகள் இருப்பதாக எண்ணிவிடக் கூடாது.

இந்தக் கரையில் 1955 முதல் 1961 வரையில் முத்துக்குளிப்பு நடந்தது. அதற்குப் பிறகு பார்களில் போதிய சிப்பி இல்லாமல் நின்றுவிட்டது. ஏலம் கூறிய குரலும் ஓய்ந்துவிட்டது. ஆனால் அந்த ஏலம் எழுப்பிய கேள்வி இன்னும் நிற்கிறது: பலர் கூடியிருக்கும்போதே ஒவ்வொருவரும் தம் கண்ணை இழந்துவிடாமல் இருப்பது எப்படி?

தேனீக்களின் பஞ்சாயத்து

மனிதர்கள் திணறும் இந்தக் கேள்விக்கு ஒரு சின்னஞ்சிறு ஜீவன் வெகு காலத்துக்கு முன்பே விடை கண்டுவிட்டது.

காயல்பட்டினம் தாண்டித் திருச்செந்தூரை நோக்கிப் போகும் வழியில், உயரமான மரக்கிளையிலோ தண்ணீர்த் தொட்டியின் அடிப்புறத்திலோ தேனடை தொங்குவதைக் காணலாம். தேனீக்களின் கூடு நிறைந்துவிட்டால் பாதிக் கூட்டம் ராணியுடன் வெளியேறி, ஒரு கிளையில் தாடிபோல் தொங்கிக்கொண்டு புதிய வீடு தேடும். இந்த விஷயத்தை முதன்முதலில் தெளிவாகக் கண்டவர் மார்ட்டின் லிண்டாவர் என்ற ஜெர்மானியர். மியூனிக் நகரில் 1949-ம் வருஷம் இப்படித் தொங்கிய ஒரு கூட்டத்தின்மேல் சில தேனீக்கள் ஆடிக்கொண்டிருந்தன. பூவுக்குச் சென்று வந்த தேனீயாக இருந்தால் உடம்பில் மகரந்தம் ஒட்டியிருக்கும். இவற்றின் உடம்பிலோ கரி ஒட்டியிருந்தது; செங்கல் தூள் ஒட்டியிருந்தது. யுத்தத்தில் இடிந்து கிடந்த நகரத்தின் புகைபோக்கிகளிலும் சுவர்ப் பொந்துகளிலும் நுழைந்து வீடு பார்த்துவிட்டு வந்த சாரணத் தேனீக்கள் அவை! லிண்டாவர் பிற்பாடு நம் கடலுக்கு அக்கரையில் உள்ள இலங்கைக்கும் வந்து, இந்தப் பக்கத்துத் தேனீ இனங்களின் நடனத்தையும் ஆராய்ந்தார்.

அவர் வழியில் அமெரிக்கப் பேராசிரியர் தாமஸ் சீலி பல வருஷம் உழைத்து, தேனீக்களின் பஞ்சாயத்து நடக்கும் முறையை விளக்கினார். கூட்டத்தில் பத்தாயிரம் தேனீக்கள் இருந்தால் சில நூறு மாத்திரமே சாரணர்கள். நல்ல பொந்தைக் கண்ட சாரணத் தேனீ திரும்பி வந்து, அது இருக்கும் திசையையும் தூரத்தையும் நடனத்தினால் தெரிவிக்கிறது. பொந்து எவ்வளவு நன்றாக இருக்கிறதோ அவ்வளவு நேரம் ஆடும். நடனத்தைக் கண்ட மற்றொரு சாரணத் தேனீ உடனே, “ஆமாம், ஆமாம்” என்று ஆடத் தொடங்கிவிடுவதில்லை. அது தானே பறந்து போய், பொந்துக்குள் நுழைந்து, சுவரெல்லாம் நடந்து பார்த்துவிட்டு வருகிறது. தனக்கும் பிடித்திருந்தால்தான் ஆடும்.

இரண்டாவது ஏற்பாடு இன்னும் அருமையானது. எந்தச் சாரணத் தேனீயும் தன் கட்சியையே பிடித்துக்கொண்டு ஓயாமல் ஆடுவதில்லை. ஒவ்வொரு தடவை போய் வரும்போதும் அதன் நடனம் சிறிது சிறிதாகக் குறைந்து, கடைசியில் நின்றுவிடுகிறது. ஆகவே தவறான இடத்துக்குத் தற்செயலாகக் கிடைத்த ஆதரவு, புதிதாகப் போய்ப் பார்த்தவர்கள் ஆமோதிக்காவிட்டால், தானே கரைந்து போய்விடும். போட்டி இடத்துக்கு ஆடும் தேனீயைத் தலையால் முட்டி நிறுத்துகிற வழக்கமும் உண்டு என்று 2012-ல் சீலியும் அவர் தோழர்களும் எழுதினார்கள்.

மூன்றாவது, எல்லோரும் ஒப்புக்கொள்ளும் வரையில் இவை காத்திருப்பதில்லை. ஒரே பொந்தில் ஒரே சமயத்தில் இருபது முப்பது சாரணர்கள் கூடிவிட்டால் போதும். தீர்மானம் நிறைவேறியதாகக் கொண்டு, கூட்டத்தைக் கிளப்பும் ஒலியை எழுப்பத் தொடங்கிவிடுகின்றன. இந்தப் பஞ்சாயத்தில் ராணிக்கு வாக்கே இல்லை!

முறை நன்றாயிருக்கிறது, முடிவும் நன்றாயிருக்கிறதா? மெய்ன் மாகாணக் கரைக்கு அப்பால் மரங்கள் அற்ற ஒரு தீவில் சீலி ஐந்து பெட்டிகளை வைத்துப் பரீட்சித்தார். ஒன்று மட்டும் தேனீக்கு மிக உகந்த அளவு, மற்றவை சுமார். ஐந்து தடவை சோதித்ததில் நான்கு தடவை தேனீக் கூட்டம் மிக நல்ல பெட்டியையே தேர்ந்தெடுத்தது. எந்த ஒரு தேனீயும் ஐந்தையும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை; கூட்டம்தான் ஒப்பிட்டது.

மணப்பாட்டுக் கரை

திருச்செந்தூர்க் கோபுரம் பின்னே மறைய, தெற்கே சாலை பனங்காட்டுக்கும் செம்மணல் தேரிக்கும் கடலுக்கும் இடையே செல்கிறது. குலசேகரன்பட்டினத்தைத் தாண்டினால் மணப்பாடு. கடலுக்குள் நீண்ட மணற்குன்றின்மேல் 1581-ல் கட்டப்பட்ட திருச்சிலுவைக் கோயில் நிற்கிறது. 1542-ல் இந்தக் கரைக்கு வந்த சவேரியார் தங்கியதாகச் சொல்லும் குகை அதன் அடிவாரத்தில் இருக்கிறது. மேலே நின்று பார்த்தால் வடக்கே வளைந்து செல்லும் கரை முழுவதும் கண்ணில் படும். மெல்ல மெல்லச் சரியும் மணற்கரை. குழந்தைகள் அலையில் விளையாட இதைவிட நல்ல இடம் வேண்டாம். இந்த அழகான சரிவில்தான் திமிங்கிலங்கள் சிக்கின.

அவை சிறுதுடுப்புப் பைலட் திமிங்கிலம் என்ற இனத்தைச் சேர்ந்தவை. உண்மையில் ஓங்கில் குடும்பம். உருவம் பெரிதாயிருப்பதால் திமிங்கிலம் என்று பெயர். கரிய உடல், உருண்ட தலை, பதினைந்து இருபது அடி நீளம். ஆழ்கடலில் நூற்றுக்கணக்கான மீட்டர் கீழே பாய்ந்து கணவாயைப் பிடித்துத் தின்னும். கூட்டத்துக்கு ஒரு வழிகாட்டி உண்டு, மற்றவை அதன் பின்னே போகும் என்று பழைய மாலுமிகள் நம்பியதால்தான் “பைலட்” என்ற பெயரே ஏற்பட்டது.

இவற்றின் குடும்ப வாழ்க்கை நம் கூட்டுக் குடும்பத்தை நினைவூட்டும். தாயும், தாயின் பெண்களும், பெண்களின் குட்டிகளும் சேர்ந்தே வாழ்கின்றன. பெண் திமிங்கிலம் ஏறக்குறைய நாற்பது வயதுக்குள் ஈனுவதை நிறுத்திவிட்டு, அறுபது தாண்டியும் உயிரோடிருக்கும். இப்படிப் பாட்டிகளாக நெடுங்காலம் வாழும் விலங்குகள் உலகில் மிகச் சில. எந்தப் பருவத்தில் எங்கே இரை கிடைக்கும் என்பது போன்ற அனுபவம் அந்தப் பாட்டிகளிடம் சேர்ந்திருக்கிறது. அனுபவசாலியின் பின்னே போவது ஆழ்கடலில் அறிவுடைமைதான். ஒன்றுக்கு ஆபத்து வந்தால் மற்றவை விட்டுப் போவதில்லை. அதன் குரல் கேட்கும் திசைக்கு வந்து சுற்றி நிற்கும்.

இப்படிப்பட்ட கூட்டத்தில் ஒன்று வழி தவறினால் என்ன ஆகும்? நோயினாலோ, இரையைத் துரத்தி வந்ததாலோ ஒன்றிரண்டு ஆழம் குறைந்த இடத்துக்கு வந்திருக்கலாம். திமிங்கிலம் ஒலியை எழுப்பி, அதன் எதிரொலியால் வழி அறிவது. செங்குத்தான பாறையிலிருந்து எதிரொலி பளிச்சென்று திரும்பும். மெல்லச் சரியும் மணலிலிருந்து சரியாகத் திரும்பாது. முன்னால் கரை இருப்பதே தெரிவதில்லை. முன்னே சென்றது மணலில் சிக்கிக் குரல் கொடுக்கிறது. மற்றவற்றுக்கு அந்தக் குரல் “வராதே” என்ற எச்சரிக்கை ஆகவில்லை. “வா” என்ற அழைப்பாகிவிடுகிறது. ஒவ்வொன்றாக வருகின்றன. வந்த ஒவ்வொன்றும் அடுத்ததை அழைக்கிறது.

குடும்பப் பாசம் ஒன்றே காரணம் என்று சொல்லிவிடவும் முடியாது. நியூசிலாந்திலும் தாஸ்மேனியாவிலும் இதன் உறவினத் திமிங்கிலங்கள் கரை ஒதுங்கியபோது அவற்றின் மரபணுவைச் சோதித்து, 2013-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரே கரையில் கிடந்தவை ஒரே தாய் வழியைச் சேர்ந்தவை அல்ல. பல வழிகள் கலந்திருந்தன. தாய் ஒரு பக்கமும் குட்டி வெகு தூரத்திலுமாகக் கிடந்தன. ஆகவே உறவில்லாதவையும் பின்தொடர்ந்தே வந்திருக்கின்றன. கூட்டம் பெரிதாகி, குடும்பங்கள் கலந்து, யார் யாரோடு என்று குழம்பிய நிலையில் பின்தொடரும் பழக்கம் மட்டும் மிஞ்சி நின்றது என்று எண்ண இடமிருக்கிறது.

இந்தக் கரைக்கு இது புதிதும் அல்ல. இதற்கு 43 வருஷத்துக்கு முன்பு, 1973 ஜனவரி 14 அன்று, தூத்துக்குடிக்குத் தெற்கே இதே கடலோரத்தில் 147 பைலட் திமிங்கிலங்கள் கரை ஏறின. அதை ஆராய்ந்து எழுதிய விஞ்ஞானிகளில் முதல்வர் டாக்டர் கே. அழகர்சுவாமி. தூத்துக்குடியில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் சிப்பிக்குள் கருவை வைத்து உருண்டை முத்து விளைவித்துக் காட்டிய அதே அழகர்சுவாமிதான். அதுவும் அதே 1973-ம் வருஷந்தான். இரண்டு சம்பவங்களும் மார்கழி முடிந்து தை பிறக்கிற நாட்களில் நடந்தன.

நிலத்திலும் இதற்கு ஒப்பான துயரம் உண்டு. தென் அமெரிக்கக் காடுகளில் கண் தெரியாமல் வாசனையைப் பின்பற்றியே நடக்கும் படை எறும்புகள் இருக்கின்றன. வில்லியம் பீப் என்ற ஆராய்ச்சியாளர் கயானாவில் அப்படிப்பட்ட ஒரு படையைக் கண்டார். முன்னே சென்றவை தற்செயலாகத் திரும்பிக் கடைசி வரிசையின் தடத்தைப் பிடித்துவிட்டன. அவ்வளவுதான்! 1,200 அடிச் சுற்றளவுள்ள வட்டம் ஒன்றில், ஒரு சுற்றுக்கு இரண்டரை மணி நேரமாக, எறும்புகள் சுற்றிக்கொண்டே இருந்தன. சோர்ந்து சாகும் வரையில் சுற்றின. ஒவ்வோர் எறும்பும் தன் கடமையைச் சரியாகத்தான் செய்தது. முன்னே போகும் எறும்பைப் பின்பற்றியது.

யந்திரங்களுக்கு ஒரு பாடம்

இந்தப் பாடங்களை இப்போது மனிதர் யந்திரங்களுக்குக் கற்பிக்கிறார்கள். ஒரு பெரிய ரோபோவுக்குப் பதிலாகச் சின்னஞ்சிறு ரோபோக்கள் ஆயிரத்தைச் செய்துவிட்டால், ஒன்று பழுதானாலும் வேலை நிற்காது. கடலடியைத் துழாவுவதற்கும், இடிபாட்டில் சிக்கியவரைத் தேடுவதற்கும் இது உதவும் என்பது எண்ணம். பஞ்சாபில் அமிர்தசரஸ் நகரில் வளர்ந்த ராதிகா நாக்பாலும் அவருடைய தோழர்களும் ஹார்வர்ட் சர்வகலாசாலையில் 2014-ம் வருஷம் 1,024 ரோபோக்களை ஒரே மேஜைமீது விட்டார்கள். ஒவ்வொன்றும் ஒரு நாணயம் அளவே இருக்கும். தலைவன் கிடையாது. ஒவ்வொன்றும் அண்டையில் உள்ள சிலவற்றோடு மட்டும் கண்ணுக்குத் தெரியாத ஒளியால் பேசிக்கொண்டு, மெல்ல மெல்ல நகர்ந்து, நட்சத்திர வடிவில் அணி வகுத்து நின்றன.

அணி வகுப்பது ஒன்று. இரண்டு இடங்களில் எது நல்லது என்று தீர்மானிப்பது மற்றொன்று. அதற்கு விஞ்ஞானிகள் தேனீயிடமே பாடம் கேட்டார்கள். இந்த வகை ரோபோக்கள் நூறைக் கொண்டு நடத்திய சோதனையில், ஒவ்வொன்றும் தானே போய் இடத்தைப் பார்க்கும். இடம் நன்றாயிருந்தால் அதிக நேரமும், சுமாராயிருந்தால் குறைந்த நேரமும் அதைப் பற்றிப் பிரசாரம் செய்யும். பிறகு அண்டையில் உள்ளவர்களின் பெரும்பான்மை அபிப்பிராயத்தை ஏற்கும். இங்கே ஒரு முக்கியமான உண்மை வெளிப்பட்டது. அதிகம் பேரின் பெரும்பான்மையைக் கேட்டு நடந்தால் கூட்டம் சீக்கிரம் ஒரு முடிவுக்கு வருகிறது; ஆனால் அந்த முடிவு தவறாகப் போகும் சந்தர்ப்பமும் அதிகமாகிறது. அவசரமாக ஒன்றுபடுவதற்கு ஒரு விலை உண்டு.

தேனீக்கும் திமிங்கிலத்துக்கும் உள்ள வித்தியாசம் இதில் அடங்கியிருக்கிறது. தேனீ மற்றொரு தேனீயின் வார்த்தையைக் கேட்டுப் புறப்படுகிறது. ஆனால் தன் கண்ணால் பார்த்த பிறகே அதைத் திருப்பிச் சொல்கிறது. திமிங்கிலம் குரலைக் கேட்டதும் தானும் அதே குரலைக் கொடுக்கிறது. இரண்டும் கூட்டத்தை நேசிப்பவைதான். ஒன்றின் நேசம் விசாரித்த பிறகு பேசுகிறது. மற்றொன்றின் நேசம் விசாரிக்காமலே பின்தொடர்கிறது.

இதைப் படிக்கும் வீடுகளில் கைபேசி இல்லாத வீடு இராது. காலையில் ஒரு செய்தி வருகிறது: இன்ன ஊரில் பிள்ளை பிடிப்பவர்கள் திரிகிறார்கள், இன்ன மருந்து சர்வ ரோகத்தையும் தீர்க்கும், இன்ன சாதியார் இன்னது செய்தார்கள். பெரியப்பா அனுப்பியிருக்கிறார், அத்தை அனுப்பியிருக்கிறாள், அவர்கள் பொய் சொல்ல மாட்டார்கள். உண்மைதான், அவர்கள் பொய் சொல்லவில்லை, பின்தொடர்ந்தார்கள். நாமும் நாலு பேருக்கு அனுப்பிவிடுகிறோம். மாலைக்குள் பத்து இடங்களிலிருந்து அதே செய்தி நமக்கே திரும்பி வருகிறது. பத்துப் பேர் சொல்லுகிறார்களே என்று நம்பிக்கை உறுதிப்படுகிறது. ஏலக் களத்தில் நூறு தலைகளும் ஒரே வாயும் இருந்த கதைதான் இது. 1,200 அடி வட்டத்தில் எறும்பு சுற்றிய கதையும் இதுதான். ஒருவராவது தேனீயைப் போல, “இரு, நான் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன்” என்று நின்றிருந்தால் அந்தச் சங்கிலி அங்கேயே அறுந்திருக்கும்.

2016-ல் இந்தக் கரையில் நின்ற மனிதக் கூட்டம் என்ன செய்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மீனவர்களும் அதிகாரிகளும் ஊராரும் இறங்கி, மணலில் கிடந்த பிராணிகளை நீருக்குள் தள்ளினார்கள். தள்ளிவிட்டவற்றில் சில, கரையில் கிடந்தவற்றை விட்டுப் போக மனமின்றி மறுபடியும் திரும்பி வந்தன. படகுகளைக் கொண்டு வந்து ஆழத்துக்கு இழுத்துச் சென்று விட்டார்கள். வலை கிழியும் என்றோ, இதனால் நமக்கு என்ன லாபம் என்றோ கணக்குப் பார்க்கும் நேரம் அல்ல அது. முப்பதுக்கு மேற்பட்ட திமிங்கிலங்கள் கடலுக்குத் திரும்பின.

அந்தக் கரையில் அன்று இரண்டு கூட்டங்கள் இருந்தன. ஒன்று குரலைக் கேட்டு வந்து மணலில் விழுந்தது. மற்றொன்றும் ஒரு குரலைக் கேட்டுத்தான் வந்தது. ஆனால் கடல் எந்தப் பக்கம் ஆழமாக இருக்கிறது என்பது அதற்குத் தெரிந்திருந்தது.